உயர்புடைப்பு நாணயம்: உச்சி ஏன் கடைசியில் நிரம்புகிறது?

கேள்வி இதுதான்: ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் ஒரு விலை. அதே ஒரு அவுன்ஸ், பெட்டியில் ‘ஹை ரிலீஃப்’, அதாவது உயர்புடைப்பு, என்று போட்டிருந்தால் விலை எங்கோ போய்விடுகிறது. வெள்ளி அதே வெள்ளிதானே, எதற்கு இந்தக் கூடுதல்? இவ்வளவு அழகாக இருக்கிறதென்றால் எல்லா நாணயங்களையும் ஏன் இப்படியே அடிப்பதில்லை?

சுருக்கமான பதில்: கூடுதல் பணம் வெள்ளிக்காக அல்ல. அடிகளின் எண்ணிக்கைக்கு, நடுநடுவே சூடு காட்டும் வேலைக்கு, சீக்கிரம் விண்டுபோகும் அச்சுகளுக்கு, தேறாமல் உலைக்குத் திரும்பும் வில்லைகளுக்கு, அதாவது நாணயமாக அடிப்பதற்கான உலோக வட்டங்களுக்கு. இவை நான்குக்கும் காரணம் ஒன்றே. புடைப்பு கூடக் கூட, உலோகம் போய்ச் சேர வேண்டிய தூரம் கூடுகிறது. அந்தத் தூரத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நாணயத்தின் வெறும் பரப்பைத் தளம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்திலிருந்து உருவம் எவ்வளவு எழும்பி நிற்கிறதோ அதுதான் புடைப்பு. பையில் புழங்கும் சில்லறையில் இது பொதுவாகக் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு குறைந்த உயரத்தில் ஒரு முகத்தைக் காட்ட வேண்டுமென்றால் சிற்பி கோடுகளைத்தான் நம்ப வேண்டும்: முடிக்கு ஒரு கோடு, இமைக்கு ஒரு கோடு, உதட்டுக்கு ஒரு கோடு. புடைப்பு உயர்ந்தால் கோடு தேவையில்லை, நிழல் அந்த வேலையைச் செய்துவிடும். ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நாணயத்தை விரல் நுனியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கன்னத்தின் நிழல் கழுத்தில் விழும், மூக்கின் நிழல் கன்னத்தில் நகரும், கண்குழி ஒரு கணம் இருண்டு மறுகணம் வெளிச்சமாகும். முகம் திரும்புவது போலவே இருக்கும். இந்த ஈர்ப்பு வெறும் விளம்பரமல்ல. உண்மையிலேயே அது வேறொரு கலை.

பழங்காலத்தில் இது வழக்கமான வேலை. சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் கி.மு. 400-ஐ ஒட்டிக் கிமோன், யூவைனெட்டோஸ் என்ற இரண்டு அச்சுக் கலைஞர்கள் செய்த பத்து திராக்மா வெள்ளி நாணயம் ஏறக்குறைய 43 கிராம் எடை. அதன் பெண்முகம் நாணயத்திலிருந்து தனியே எடுத்துவிடலாம் போல எழும்பி நிற்கும். வேலையின் பெருமிதத்தில் இருவரும் தங்கள் பெயரையும் பொறித்தார்கள். ரோமப் பேரரசர்களின் பொற்காசுகளிலும் தலை நன்றாகப் புடைத்திருக்கும். தமிழ்நாட்டில் கிடைத்த ரோமக் காசுகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாய்ப்பு கிடைத்தால் அவற்றை நேர் எதிரே நின்று பார்ப்பதோடு விடாமல் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், உயரம் அப்போதுதான் தெரியும்.

அன்று அது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. கட்டியான வில்லை, கையால் ஓங்கி அடிக்கும் சம்மட்டி, வேண்டுமானால் இன்னொரு அடி. விளிம்பு வெடித்தாலும், வட்டம் கோணினாலும், உருவம் நடுவில் விழாவிட்டாலும் யாரும் தள்ளவில்லை. எடையும் உலோகத் தூய்மையும் சரியாக இருந்தால் போதும். இன்றைய நாணயத்தில் வெடிப்பு, கோணல், நடு விலகல் மூன்றுமே குறைகளாகக் கருதப்படும். வட்டம் பிசகக்கூடாது, விளிம்பு படத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆடக்கூடாது. நிமிடத்துக்கு 700-க்கு மேல் அடித்துத் தள்ளும் பிரஸ்ஸில் ஒரு நாணயத்துக்கு ஒரே ஒரு அடிதான் கிடைக்கும்.

இனி முக்கியமான இடம். அச்சில் எல்லாமே தலைகீழ். நாணயத்தில் தளமாக இருப்பது அச்சில் மேடு. நாணயத்தில் மூக்கு நுனியாக இருப்பது அச்சின் ஆழமான குழி. வில்லையை மேலச்சும் கீழச்சும் நெருக்கும்போது முதலில் படுவது தளம்தான். அங்கே நசுங்கும் உலோகம் இரண்டு பக்கம் ஓடப் பார்க்கும். ஒன்று குழிக்குள் ஏற வேண்டும், அல்லது வெளிப்பக்கம் சுற்றியிருக்கும் எஃகு வளையத்தை, அதாவது காலரை, நோக்கிப் போக வேண்டும். எது சுலபமோ அங்கேதான் முதலில் போகும். ஆழமான குழி சுலபமான வழியல்ல. சுவரோடு உராய்ந்துகொண்டு ஏற வேண்டும், ஏற ஏற உலோகமும் இறுகும். அதனால் குழியின் அடி, அதாவது நாணயத்தின் உச்சி, எப்போதும் கடைசியில்தான் நிரம்பும். மோதக அச்சில் மாவு போதாமல் அழுத்தினால் கூர்முனை மழுங்கி வரும், அதே சமயம் பக்கவாட்டில் மாவு பிதுங்கும். வெள்ளியும் தங்கமும் அதைத்தான் செய்கின்றன.

அப்படியானால் இன்னும் பலமாக அழுத்தினால் போதாதா? போதாது. தட்டத் தட்ட உலோகம் இறுகும் என்பது எந்தப் பொற்கொல்லருக்கும் தெரியும். முதல் அடியிலேயே தளப்பகுதி நன்றாக இறுகிவிடும். அதன் பிறகு டன் கணக்கைக் கூட்டினால் உலோகம் குழிக்குள் ஏறாது. அச்சுக்கும் காலருக்கும் இடையே உள்ள மயிரிழைச் சந்தில் மெல்லிய தகடாகப் பீறிடும், அல்லது அச்சே விண்டுபோகும். எனவே வழி ஒன்றுதான்: அடி, எடு, சூடு காட்டி இளக்கு, மேலே படிந்த கருமையை அமிலத்தில் போக்கு, அதே திசையில் திரும்ப வை, மறுபடி அடி.

இதை முழுமையாகச் செய்து பார்த்த வரலாறு ஒன்று இருக்கிறது. அது 1907-ஆம் ஆண்டின் அமெரிக்க 20 டாலர் பொற்காசு, டபுள் ஈகிள்.

அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத் தன் நாட்டு நாணயங்கள் பிடிக்கவில்லை. 1904 டிசம்பர் 27 அன்று கருவூலச் செயலர் லெஸ்லி ஷாவுக்கு எழுதிய கடிதத்தில், கலைநோக்கில் அவை படுமோசமான அவலட்சணம் என்று கடிந்துகொண்டு, அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் போன்ற ஒரு சிற்பியை அமர்த்த முடியுமா என்று கேட்டார். ரூஸ்வெல்ட்டின் மனத்தில் இருந்தவை பழைய கிரேக்க நாணயங்கள். செயின்ட்-காடன்ஸ் அப்போதே நோயில் விழுந்திருந்தார். மாதிரிகளை வடித்துக்கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி உதவியாளர் ஹென்றி ஹெரிங் கையில் வந்தது. பிலடெல்பியா நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் மாதிரியைப் பார்த்ததுமே இதை ஒரே அடியில் அடிக்க முடியாது என்றார்.

சோதனையை ஹெரிங் பிற்பாடு எழுதிவைத்தார். தங்க வில்லையை வைத்து, பதக்கம் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் 172 டன் அழுத்தம் என்று அவர் நினைவு. முதல் அடியில் உருவம் பாதிக்குச் சற்று மேல்தான் விழுந்தது. இரண்டாவது அடியில் இன்னும் கொஞ்சம். இப்படியே போய் ஒன்பதாவது அடியில்தான் எல்லா நுணுக்கமும் வந்தது. கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். நாணயத்தின் விட்டம் 34 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 9 சதுர சென்டிமீட்டர். அமெரிக்க 172 டன் என்பது 156 மெட்ரிக் டன். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 17 டன். அந்த அழுத்தத்தில், அதுவும் தங்கத்தில், ஒரே அடியில் பாதிதான் நிரம்பியது.

காரணம் கலவையிலும் இருக்கிறது. அந்தக் காசு 33.436 கிராம், 90 விழுக்காடு தங்கம், 10 விழுக்காடு செம்பு. செம்பு சேர்ந்த தங்கம் புழக்கத்தில் தேயாமல் உழைக்கும், ஆனால் அச்சுக் குழிக்குள் ஏற அடம்பிடிக்கும். சூடு காட்டும்போது மேற்பரப்பில் உள்ள செம்பு கருக்கும். அதை அமிலத்தில் போக்கினால் மேலே கிட்டத்தட்டத் தூய தங்கத்தின் மெல்லிய படலம் மட்டும் நிற்கும். பலமுறை இப்படிச் செய்த காசுகளில் தெரியும் மென்மையான மஞ்சள், ஒரே அடியில் வந்த காசுகளில் இருக்காது.

மிக உயர்ந்த புடைப்பில் இப்படி அடித்தவை இருபதை ஒட்டிய எண்ணிக்கைதான். செயின்ட்-காடன்ஸ் 1907 ஆகஸ்ட் 3 அன்று இறந்துபோனார். தன் காசு புழக்கத்துக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. ரூஸ்வெல்ட் விடாமல் நெருக்க, புடைப்பைச் சற்றுத் தாழ்த்திய இரண்டாவது வடிவத்தைப் பதக்க பிரஸ்களிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் குறைந்தது மூன்று அடி தேவைப்பட்டது. ரோமன் எண்ணில் ஆண்டு பொறித்த இந்த வகை 12,367 காசுகள் வெளிவந்ததாகக் கணக்கு. பிறகு பார்பர் புடைப்பை ஒரே அடிக்கு ஏற்றபடி தட்டையாக்கினார், ஆண்டும் வழக்கமான எண்ணுக்கு மாறியது. அந்தத் தட்டை வடிவத்தில் 1907-இன் எஞ்சிய சில வாரங்களிலேயே 3,61,667 காசுகள் அடித்துவிட்டார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் இந்தத் தொழிலின் கணக்கு விளங்கிவிடும்.

பார்பரைக் கலை தெரியாத வில்லனாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. செயின்ட்-காடன்ஸ் பெரிய சிற்பி என்பதில் சந்தேகமில்லை, பார்பரின் சொந்த வடிவங்கள் சாதாரணமானவை என்பதும் உண்மை. ஆனால் ஒரு வங்கிப் பெட்டகத்தில் அடுக்க முடியாத, ஒரே அடியில் விழாத காசை இலட்சக்கணக்கில் தர முடியாது என்று அவர் சொன்னது பொறாமையால் அல்ல. உலோகம் அவர் பக்கம்தான் இருந்தது.

அந்தக் காசில் இன்னொரு சிக்கல் விளிம்பில். லத்தீன் வாசகத்தையும் நட்சத்திரங்களையும் விளிம்பில் எழும்பிய எழுத்தாகப் பொறித்தார்கள். சாதாரணக் காலர் ஒரே வளையம், அதற்குள் எழும்பிய எழுத்து விழுந்தால் காசை வெளியே தள்ள முடியாது, எழுத்து சிக்கிக்கொள்ளும். அதனால் மூன்று துண்டுகளாகப் பிரியும் காலர். கடைசி அடியில் துண்டுகள் சேர்ந்து எழுத்தைப் பதிக்கும், பிறகு விலகிக் காசை விடும். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று இடத்தில் துண்டுகளின் சந்துக்கோடு மெல்லியதாகத் தெரியும்.

மேலே சொன்ன பீறிடல் இந்தக் காசில் கண்ணுக்கே தெரியும். அச்சுக்கும் காலருக்கும் நடுவில் தங்கம் கத்தி முனை போல மேலே ஏறி நின்றது. சேகரிப்பவர்கள் இதைக் கம்பி விளிம்பு என்பார்கள். நாணயச்சாலை இதைக் குறையாகத்தான் பார்த்தது. அந்த மெல்லிய முனை உடைந்தால் காசின் எடை குறையும், அடுக்கினால் சாயும். பிந்தைய காசுகளில் இது பெரும்பாலும் அடங்கி, தட்டை விளிம்பு வகை வந்தது. இன்று இரண்டு வகைக்கும் தனித்தனியாகத் தேடல் இருக்கிறது.

அதே 1907-இல் நடந்த ஒரு முயற்சி பின்னால் வந்த நாணயச்சாலைகளுக்கெல்லாம் வழிகாட்டியானது. எடையை மாற்றாமல் விட்டத்தை 34-இலிருந்து 27 மி.மீ. ஆகக் குறைத்து, காசைத் தடிமனாக்கி அடித்துப் பார்த்தார்கள். விட்டம் 10 டாலர் காசின் விட்டத்தோடு ஒன்றிப்போனதால் சட்டப்படி அது நிற்கவில்லை, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். 2009-இல் அமெரிக்க நாணயச்சாலை அதே 27 மி.மீ. விட்டத்தில், 4 மி.மீ. தடிமனில், ஒரு அவுன்ஸ் 24 காரட் தங்கத்தில் செயின்ட்-காடன்ஸின் வடிவத்தை மிக உயர்ந்த புடைப்பில் அடித்து விற்றது. முன்பு முடியாதது இப்போது முடிந்ததற்கு மூன்று காரணங்கள்: செம்பு கலக்காத மென்மையான தங்கம், கணினியில் செதுக்கி நேரே வெட்டிய அச்சு, புழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத விற்பனை.

விட்டத்தைக் குறைப்பது ஏன் உதவுகிறது என்பதை வெள்ளியில் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு அவுன்ஸ் வெள்ளி 31.1 கிராம், அதன் கனஅளவு 2.97 கன சென்டிமீட்டர். 40.6 மி.மீ. விட்டத்தில் அதைப் பரப்பினால் சராசரித் தடிமன் 2.3 மி.மீ. மட்டும். இரண்டு பக்கமும் புடைப்பு எடுக்க இதில் சரக்கே இல்லை. 32.6 மி.மீ. விட்டத்துக்குச் சுருக்கினால் சராசரி 3.6 மி.மீ. ஆகிவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை தன் உயர்புடைப்புக் குக்கபுரா, கங்காரு வெள்ளிக் காசுகளை இப்படித்தான் சிறிய விட்டத்தில், கனத்த விளிம்போடு அடிக்கிறது. நடுவே தளத்தைக் கிண்ணம் போலச் சற்றுக் குழிவாக வைத்துவிட்டால் உருவம் எழும்பவும் இடம் கிடைக்கும், விளிம்பைத் தாண்டாமலும் இருக்கும். அச்சின் முகம் குவிந்திருப்பதால் உலோகம் வெறுமனே வெளிநோக்கி மட்டும் ஓடாமல், நடுக்குழியையும் நிரப்பும்படி நெருக்கப்படும்.

இதில் ஒரு எச்சரிக்கை. தடிமன் வேறு, புடைப்பு வேறு. பிய்ஃபோர் என்று விற்கப்படும் இரட்டைத் தடிமன் காசுகளில் படம் சாதாரணப் புடைப்பில்தான் இருக்கும். ‘ஹை ரிலீஃப்’ என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட மில்லிமீட்டர் அளவு எதுவும் கிடையாது. பெட்டியை நம்பாமல் காசைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

சரி, ஒரு நாணயச்சாலையில் இது எப்படி நடக்கிறது?

வேலை சிற்பியின் மேசையிலேயே பாதி தீர்ந்துவிட வேண்டும். முதல் விதி, ஒரு பக்கத்து உச்சிக்கு நேர்பின்னால் மறுபக்கத்து உச்சி வரக்கூடாது. இரண்டு குழிகளும் ஒரே இடத்திலிருந்து உலோகத்தை இழுத்தால் இரண்டுமே பட்டினி கிடக்கும். தலை நடுவில் என்றால் பின்பக்கத்தில் நடுவைத் தாழ்வாக வைத்து, கனமான உருவங்களை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பிரிட்டிஷ் பென்னிகள் சாட்சி. புடைப்பு அவ்வளவு பெரிதாகக்கூட இல்லை. ஆனாலும் பெரிய தலை உலோகத்தை இழுத்துக்கொண்டதால், மறுபக்கத்தில் பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியாவைச் சுற்றி மன்னர் தலையின் நிழல் வடிவம் ஆவி போலத் தெரிந்தது. 1928-இல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் அது போயிற்று.

இரண்டாவது விதி, எந்தச் சுவரும் செங்குத்தாக நிற்கக்கூடாது. சாய்வு இல்லாத சுவரில் காசு அச்சைவிட்டு வராது, வந்தாலும் சுரண்டிக்கொண்டு வரும். உள்நோக்கிச் சரிந்த சுவர் அறவே முடியாது. மூன்றாவது, குழியின் அடிமூலையில் கூர்மை கூடாது. எஃகில் விரிசல் எப்போதும் கூர்மையான உள்மூலையில்தான் தொடங்கும். சிறிதளவு வளைவு கொடுத்தால் அச்சின் ஆயுள் கணிசமாக நீளும்.

அச்சுக்குக் கடினப்படுத்தும் கருவி எஃகு. ராக்வெல் சி என்ற கடின அளவில் 58 முதல் 62 வரை வைப்பது வழக்கம். அதிகம் கடினமானால் கண்ணாடி போல விரிசல் விடும், குறைந்தால் நாளடைவில் நடு அமிழ்ந்து தளம் அலையடிக்கும். உயர்புடைப்பில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகல். மேடாகச் செதுக்கிய தாய் அச்சை அழுத்திப் புதிய அச்சை உருவாக்கும் முறையில், அச்சு எஃகுக்கே பலமுறை சூடு காட்டிப் பலமுறை அழுத்த வேண்டியிருக்கும். காசுக்கு உள்ள அதே தொல்லை அச்சுக்கும் உண்டு. அதனால்தான் இப்போது பல இடங்களில் சிறு எண்ணிக்கைக்கு நேரே இயந்திரத்தில் வெட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது வில்லை. தூய வெள்ளியைச் சூடு காட்டி இளக்கினால் விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் 30-ஐ ஒட்டி நிற்கும். 7.5 விழுக்காடு செம்பு கலந்த ஸ்டெர்லிங் இளகிய நிலையிலேயே அதைப் போல இரு மடங்குக்கு மேல். உயர்புடைப்புக் காசுகள் பெரும்பாலும் 999 தூய வெள்ளியில் வருவதற்கு விற்பனை மட்டும் காரணமல்ல. சூடு காட்டுவதிலும் அளவு வேண்டும். தூய வெள்ளி தாழ்ந்த வெப்பத்திலேயே இளகிவிடும். ஸ்டெர்லிங்குக்குத் தேவையான 600 டிகிரி செல்சியஸை அதற்கும் கொடுத்து நீண்ட நேரம் வைத்தால் உள்ளே உலோகத்தின் படிக மணிகள் பெரிதாக வளர்ந்து, அடித்த பிறகு கன்னமும் நெற்றியும் ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளிபுள்ளியாக இருக்கும். அச்சில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள், தவறு உலையில் நடந்திருக்கும். செம்பு கலந்ததைத் திறந்த காற்றில் காய்ச்சினால் கருக்கும் என்பதால் காற்றில்லாத உலையில் வைப்பார்கள்.

வில்லையின் விட்டம் காலரைவிட மிகச் சிறிதளவு குறைவாக இருக்க வேண்டும். கூடிப்போனால் உள்ளே இறங்காது, மிகவும் குறைந்தால் உலோகம் முதலில் பக்கவாட்டு இடைவெளியை நிரப்பப் போய் உச்சியை மறந்துவிடும். நடுவில் சற்றுத் தடிமனாக, உருவம் இருக்கும் இடத்தில் சரக்கு கூடுதலாக இருக்கும்படி வில்லையை முன்கூட்டியே வடிவமைப்பதும் உண்டு. ஓர் அடியை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு சோதனை அடி. முதலில் குறைந்த அழுத்தத்தில் ஒன்று, பிறகு படிப்படியாகக் கூட்டி ஒவ்வொன்றிலும் ஒரு காசை எடுத்து வரிசையாக வைப்பார்கள். எந்த இடம் எப்போது நிரம்புகிறது என்று அந்த வரிசையே சொல்லிவிடும். நிரம்பாத உச்சியில் அச்சின் மெருகு இருக்காது, வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே மங்கலாகத் தெரியும். உச்சி நிரம்புவதற்கு முன்பே விளிம்பில் பீறிடல் தொடங்கினால் அழுத்தத்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு வில்லையின் விளிம்புச் சாய்வையும் எடையையும் பார்க்க வேண்டும். உச்சியில் மட்டும் ஒரு வட்டமான மங்கல், அழுத்தம் கூட்டியும் போகவில்லை என்றால், குழியின் அடியில் எண்ணெயோ காற்றோ அடைபட்டிருக்கிறது. அச்சைத் துடைத்தால் போய்விடும்.

ஒரே காசுக்குப் பல அடி என்றால் திசை பிசகாமல் வைப்பதே பெரிய வேலை. சூடு காட்டத் தேவையில்லாதபோது காசைக் காலரைவிட்டு வெளியே எடுக்காமலே இரண்டு மூன்று அடி கொடுத்துவிடலாம், இன்றைய பிரஸ்கள் அப்படித்தான் செய்கின்றன. வெளியே எடுத்தால் அதே கோணத்தில் திரும்ப உட்கார வேண்டும். அரை டிகிரி தவறினால் எழுத்துகளின் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும், அந்தக் காசு உலைக்குத்தான். இதற்கு ஹைட்ராலிக் பிரஸ் ஏற்றது. வேகம் குறைவானாலும், உச்ச அழுத்தத்தில் ஒரு கணம் நிறுத்திப் பிடிக்க முடியும், உலோகத்துக்கு ஏற நேரம் கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள பி. எச். மாயர் நிறுவனம் ‘ஸ்மார்ட்மின்டிங்’ என்ற பெயரில், விட்டத்தைச் சுருக்காமல் சாதாரண ஒரு அவுன்ஸ் வில்லையிலேயே வியக்கும்படியான உயரத்தை எடுத்துக் காட்டுகிறது.

இதையெல்லாம் புழக்கத்துக்கான காசில் செய்யத் துணிந்தால் என்ன ஆகும்? 1921-இன் அமெரிக்கப் பீஸ் டாலரைப் பாருங்கள். அந்தோனி டி பிரான்சிசி வடித்த அழகான முகம், 38.1 மி.மீ. விட்டம், 26.73 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. டிசம்பர் 28 அன்று அடிக்கத் தொடங்கி ஆண்டு முடிவதற்குள் 10,06,473 காசுகள். அச்சுகள் அடுத்தடுத்து உடைந்தன. போதாததற்கு, தலையின் நடுப்பகுதி முழுதாக விழவில்லை. காதுக்கு மேலே உள்ள முடி பெரும்பாலான காசுகளில் வழவழவென்று தட்டையாக இருக்கும். 1922-இல் புடைப்பைத் தாழ்த்தினார்கள். அந்த ஆண்டு பிலடெல்பியாவில் மட்டும் ஐந்து கோடிக்கு மேல் அடித்தார்கள். முகத்தின் உயிரும் அதோடு கொஞ்சம் போயிற்று என்பதை இரண்டையும் அருகருகே வைத்தால் மறுக்க முடியாது.

நீங்கள் வாங்கப் பார்ப்பதென்றால் இந்தக் காதுமுடியே நல்ல பாடம். அது தட்டையாக இருந்தால் தேய்ந்தது என்று விலையைக் குறைக்க வேண்டாம், தேயவில்லை என்று நம்பி ஏமாறவும் வேண்டாம். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நிரம்பாத இடம் என்றால் வில்லையின் நுண்ணிய கீறல்களும் சொரசொரப்பும் இருக்கும், சுற்றியுள்ள பளபளப்பு அறுபடாமல் அதுவரை வரும். தேய்ந்த இடம் என்றால் வழுவழுப்பாக, சாம்பல் நிறமாக, பளபளப்பு ஓரிடத்தில் வெட்டென்று நின்றுவிடும். அதே தேய்மானம் கன்னம், கழுத்து, கழுகின் தோள் எனப் பிற மேடுகளிலும் இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

1907 காசில் முதலில் தேய்வது முன்பக்கத்தில் உள்ள லிபர்ட்டி, அதாவது சுதந்திர தேவி, உருவத்தின் முழங்காலும் மார்பும், பின்பக்கத்தில் பறக்கும் கழுகின் மார்பும் சிறகின் முன்விளிம்பும். எல்லா உயர்புடைப்புக் காசுகளுக்கும் இது பொருந்தும். மேசையில் வைத்தாலும், துணியால் துடைத்தாலும், சரியில்லாத உறையில் போட்டாலும் முதல் அடி உச்சிக்குத்தான். விளிம்பை மட்டும் பிடியுங்கள். உறை வாங்கும்போது விட்டத்தோடு தடிமனையும் சொல்லி வாங்குங்கள். 40.6 மி.மீ. மெல்லிய காசுக்கான மூடி 6 மி.மீ. விளிம்புள்ள காசின் மேல் மூடாது, அழுத்தி மூடினால் உச்சியில் உராயும்.

கடைசியாக, 1907 காசின் போலிகள். இவை நல்ல தங்கத்தில், சரியான எடையில், 1970-களிலிருந்தே சுற்றுகின்றன. எடை, விட்டம் மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அசல் காசின் தளத்தில் அச்சை மெருகேற்றியபோது ஏற்பட்ட மெல்லிய எழும்பிய கோடுகள் சுழல் சுழலாக எங்கும் ஓடும். போலிகளில் பெரும்பாலும் தளம் வெறுமையாகவோ, உப்பிய புள்ளிகளோடோ இருக்கும். மிகவும் கைதேர்ந்த ஒரு போலியைச் செய்தவர் தன் அடையாளத்தையும் விட்டுவைத்தார். கழுகின் நகப்பிடிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒமேகா என்ற கிரேக்க எழுத்து இருக்கும். பூதக்கண்ணாடியை முதலில் அங்கே கொண்டுபோங்கள்.